காருக்கு எண்ணெய் வைத்த வெள்ளிக்கிழமை

குருத்தூரில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால்தான் முத்திருளப்பனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. சம்பந்தம் பேசப் போகும்போதெல்லாம் அந்த அறிவாளிகளும் கூடவே கிளம்பிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித்தான் கைநழுவிப் போயிற்று. மூன்றாவதாக அமைந்தவள் பக்கத்து ஊர் செண்பகவல்லி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் நிச்சயத் தட்டு மாற்றியாக வேண்டும், தவறினால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா தவசி கறாராகச் சொல்லியிருந்தார்.

முத்திருளப்பனின் தாய்மாமா வெள்ளைச்சாமி போன வாரம்தான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். அதை ஓட்டியவன் முத்திருளப்பனின் சித்தப்பா மகன் போஸ். மூவரும் தட்டு, பழம், பூவோடு கிளம்பினார்கள். பாதி வழியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. மூக்கு நீண்ட கிண்டிச் செம்பு மாதிரி ஒரு படம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு தானா எரியுது பாரு!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போஸ் பொறுப்பானவன். வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

மெக்கானிக் பதறினார். "உடனே இன்ஜினை ஆஃப் பண்ணு! ஆயில் இறங்கியிருக்கு. டிக்கியில ஒரு டப்பா வச்சிருக்கேன். அதை ஊத்தாம ஒரு அடி நகத்தக் கூடாது."

டப்பா இருந்தது. திறக்கப் போன போஸின் கையை மாமா பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைடா?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை ஆம்பளை எண்ணெய் தேய்ப்பானா? ஆம்பளைக்குப் புதனும் சனியும்தான். செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைக்கு. நாளைக்கு ஊத்திக்கலாம்."

முத்திருளப்பன் மணியைப் பார்த்தான். நாளைக்கு என்றால் செண்பகவல்லி இல்லை. ஆனால் அவனும் குருத்தூரில் பிறந்தவன்தானே, மாமா சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. வேறு வழி தேடினான்.

"மாமா, இது ஆம்பளைன்னு யாரு சொன்னா?"

"முன்னாடி ரெண்டு மீசை இருக்கே."

"அது வைப்பர் மாமா. ஆடும்."

"கோவம் வந்தா என் மீசையும்தான் ஆடுது."

"பொட்டு வச்சிருக்கு, பூ வச்சிருக்கு. வழி பூரா கண்ணாடி பாத்துக்கிட்டே வருது. பொண்ணுதான் மாமா. என் கூடப்பொறந்த தங்கச்சின்னே வச்சுக்கங்க. சத்தியம்!"

மாமா பொட்டையும் பூவையும் குனிந்து பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதும் அவர் முகம் மாறியது.

"அப்படின்னா வயசுப் பொண்ணுக்கு நடுரோட்டுல மூணு ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கிறதா? ஊரு என்ன பேசும்?"

நியாயம்தான். முத்திருளப்பன் தவசிக்குப் போன் போட்டு, கூட வந்த தங்கச்சிக்கு எண்ணெய் தேய்க்கணும், பொம்பளைங்களை அனுப்புங்க என்று கேட்டுக்கொண்டான்.

பெண்வீட்டார் அறிவிலும் சமமான இடம். தவசியும் செண்பகவல்லியின் அத்தைமார்களும் வேன் பிடித்து, வெந்நீர், சீயக்காய், சாம்பிராணி சகிதம் வந்து இறங்கினார்கள். கார்தான் தங்கச்சி என்றதும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அத்தைமார்கள் காரைச் சுற்றிச் சேலையை மறைப்பாகக் கட்டினார்கள். டப்பா எண்ணெய் முழுவதையும் கூரை உச்சியில் வைத்து, சூடு பறக்கத் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டினார்கள். இன்ஜினுக்குள் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. போஸ் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"குளிச்சதும் முகத்துல என்ன களை!" என்றாள் பெரியத்தை.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. எண்ணெய் தேய்த்த பெண்ணை வெயிலில் அலையவிடக் கூடாது என்று அத்தைமார்கள் கண்டிப்பாகச் சொன்னதால், அந்தப் புளியமரத்தடியிலேயே தட்டு மாற்றத் தவசி சம்மதித்தார். முத்திருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தச் சம்பந்தமும் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

தட்டைக் கையில் எடுத்த தவசி, காரை ஒருமுறை சுற்றிவந்தார்.

"மாப்பிள்ளை, இப்படி ஒரு தங்கச்சி இருக்கிறதை நீங்க சொல்லவேயில்லையே! பொண்ணைக் குடுத்துப் பொண்ணை எடுத்துக்குவோம். எங்க வீட்டுலயும் பையன் இருக்கான். டிராக்டர். அஞ்சு ஏக்கரையும் ஒத்தை ஆளா உழுவான்."

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணுக்குத் தாய்மாமன் அல்லவா? "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?"

"சேச்சே! தங்கமான பையன். காலையில கொஞ்சம் டீசல் குடிப்பான். குடிச்சாத்தான் வேலை ஓடும்."

மாமா முத்திருளப்பனைப் பார்த்தார். முத்திருளப்பன் தன் கையிலிருந்த தட்டையும், அதில் செண்பகவல்லிக்காக ஆசையாக எடுத்த பச்சைச் சேலையையும் பார்த்தான். அழுகை வந்தது. ஆனாலும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என் கல்யாணம் நின்னாலும் சரி. குடிகாரனுக்கு என் தங்கச்சியைக் குடுக்க மாட்டேன்!"

பெண்வீட்டார் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வேன் ஏறினார்கள். மாமா மருமகனைக் கட்டிக்கொண்டு, குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டடா என்று தேம்பினார். முத்திருளப்பன் அவரை விலக்கிவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றான். ஹெட்லைட்டிலிருந்து சீயக்காய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துண்டால் ஒற்றியெடுத்தான்.

"அழாதம்மா. அண்ணன் நல்ல சைக்கிளாப் பாத்து முடிச்சு வைக்கிறேன். ஒரு சொட்டு குடிக்க மாட்டான்."