தர்மகர்த்தாவின் ஒட்டு மாமரம்

எசேக்கியேல் தர்மகர்த்தாவுக்குத் தெரியாத வேதவசனமே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். வேதக்கோயில் வளவில் தான் நட்ட ஒட்டு மாமரத்தைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் விடவும் மாட்டார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, கொச்சியிலிருந்து வந்த யூதப் பெரியவர் ஒருவர் காய்ச்சலோடு வாசலில் சுருண்டு கிடந்தார். தோட்டக்காரன் வேதக்கண் விருந்தினர் அறையைத் திறக்கப் போனான். தர்மகர்த்தா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"யூதனுக்கா அறை? கர்த்தர் அவங்களத் தள்ளிட்டு நம்மளச் சேத்துக்கிட்டாருலே. அவனுக்கு இடம் குடுக்க வேதத்துல ஒரு நியாயம் காட்டு. இல்லேன்னா நாளைலருந்து வேலைக்கு வராத."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா" என்ற வேதக்கண், ரம்பத்தை எடுத்துவந்து மாமரத்தின் அடித்தண்டில், ஒட்டுக்குக் கீழே வைத்துப் பிடித்தான்.

"ஏலே, என்னல செய்யுத?"

"ஒட்டுக்குக் கீழ இருக்கது வேற சாதி மரம்லாய்யா. அதைத் தள்ளிட்டு உங்க கிளைய மட்டும் வச்சுக்கிடுவோம்."

"கோட்டிக்காரா! வேரை அறுத்தா கிளை நிக்குமால?"

சபை முழுக்கக் கேட்கும்படிதான் கத்தினார்.

"போன வாரம் ஆராதனைல நம்ம பாதிரி ஐயரு வாசிச்சாருய்யா. யூதங்க நல்ல ஒலிவமரமாம். நாம அதுல ஒட்டுன காட்டுக்கிளையாம். வேரை நாம சுமக்கல, வேருதான் நம்மளச் சுமக்குதுன்னு பவுல் எழுதிருக்காராம். எனக்கு மரம் தெரியும், அதனால வெளங்கிச்சு."

கூட்டத்தோடு நின்ற பாதிரி ஐயர் ஆமென்று தலையாட்டினார்.

தர்மகர்த்தா சாவியை நீட்டினார். வேதக்கண் வாங்கவில்லை.

"நீங்களே போய்த் தெறந்து குடுங்கய்யா. எனக்குக் கை ஒழியல."

அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை அவன் மரத்திலிருந்து ரம்பத்தை எடுக்கவில்லை.