காதுக்குள் இருந்த கொட்டைமுத்து

அந்தக் காலத்தில், பூச்சியும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்தபோது, நாய்க்கு அரிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. நாயும் பூனையும் ஒரே சாக்கில் படுக்கும். பூனை தன்னை நக்கித் துடைத்து முடித்ததும் நாயையும் நக்கிவிடும். காதுமடல், கழுத்தடி என்று நாய்க்கு எட்டாத இடமெல்லாம் பூனையின் நாக்கு போய்வரும்.

கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த இருளாயியிடம் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். நாய் பெயர் கருவாலி. பூனை பெயர் வரியாள்.

ஒருநாள் ஆடுகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கருவாலியை, ஒரு புல் நுனியிலிருந்து சன்னமான குரல் கூப்பிட்டது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. நான் கொட்டைமுத்து. ஆமணக்குச் செடியிலருந்து தெறிச்சு இங்க வந்து விழுந்துட்டேன். ஆடு மிதிச்சிரும். நல்ல மண்ணு வர்ற வரைக்கும் உங்க காதுல உக்காந்துக்கிறேனே."

கருவாலி உற்றுப் பார்த்தது. கொட்டைமுத்து மாதிரிதான் இருந்தது, ஆனால் ரொம்பப் பொடிசு.

"விதைக்கு எதுக்குக் கால்?"

"காலில்லண்ணே, வேரு. முளைவிடப் பாக்குது."

பாவம் என்று கருவாலி தலையைத் தாழ்த்தியது.

மூன்றாம் நாள் காதில் குறுகுறுப்பு ஆரம்பித்தது. பிறகு அரிப்பு. உள்ளிருந்த குரல் மெல்லச் சொன்னது: "பூனை நாக்கைப் பாத்திருக்கீங்களா? அம்புட்டும் முள்ளு. நீங்க அசந்ததும் அதை வச்சுத்தான் தோலை அறுக்குது. ரத்த ருசி கண்டிருச்சு."

கருவாலிக்கு நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. வரியாள் வாயைத் துடைத்தால், எதைத் துடைக்கிறது என்று பார்த்தது. வரியாள் பக்கத்தில் வந்தால் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே படுத்தது.

"உன் காது நாறுது. காட்டு," என்றது வரியாள்.

"வேண்டாம்."

"நாலு நாளா ஒளிக்கிற. உள்ள என்ன வச்சிருக்க?"

"நீ என்ன தேடுற?"

கருவாலி தின்றது உடம்பில் ஒட்டவில்லை. விலா தெரிந்தது, ஈறு வெளுத்தது. இருளாயி வேப்பிலையை அவித்து, ஆறவைத்துச் சட்டியில் கொண்டுவந்தாள்.

"கிட்ட வாடா."

"கசப்பு வாடை அடிக்குது, விஷம்ணே," என்றது குரல். "ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க."

சோறு போட்ட கையைப் பார்த்தே கருவாலி உறுமியது. இருளாயி சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

உச்சி வெயிலில் கருவாலி தளர்ந்து கண்மூடிய நேரம், வரியாள் ஓசைப்படாமல் வந்து காதுக்குள் நாக்கை விட்டது. பருத்த ஏதோ ஒன்று பல்லில் அகப்பட, பிடித்து இழுத்தது.

சுரீர் என்றது கருவாலிக்கு. திரும்பி வரியாளின் தோளைக் கவ்விக் கடித்துவிட்டது.

பூனை அலறிக்கொண்டு விலகியதில், வாயிலிருந்தது தரையில் விழுந்து உடைந்தது. எட்டுக் கால்களும் உதறின. அதைச் சுற்றி மண் சிவந்தது. விதைக்குள் ரத்தம் இருக்காதே. கருவாலி மோந்து பார்த்தது. தன் ரத்தம்தான். அப்போது காதுக்குள்ளிருந்து பொடிப்பொடிக் குரல்கள் பல சேர்ந்து கூப்பிட்டன: "அண்ணே..."

கருவாலி தானாகவே போய் இருளாயியின் மடியில் தலையை வைத்தது. அவள் வேப்பந்தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி அடுப்புத் தணலில் போட்டாள். பிறகு ஆறிய சாம்பலை அள்ளி உடம்பெல்லாம் தேய்த்துவிட்டாள்.

"இன்னும் நூறு குஞ்சு ஒளிஞ்சிருக்கும்," என்றாள். "பாத்துக்க."

வரியாள் கருவேல மரத்தின் மேல்கிளையில் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"இறங்கி வா வரியா. தப்பு என் மேலதான்."

"இருக்கட்டும். உன் பல்லு எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுபோச்சு."

கருவாலி மரத்தடியிலேயே வெகுநேரம் நின்றது. வரியாள் இறங்கவில்லை.

அன்று முதல்தான் பூனை தன் உடம்பை மட்டும் நக்கிக்கொள்கிறது. நாய், நாக்கு எட்டாத காதைக் காலால் பிறாண்டிப் பார்த்து, அரிப்புத் தீராமல், ஆறிய சாம்பல் மேட்டைத் தேடிப் போய்ப் புரள்கிறது.