சாட்சிப் புற்றில் நரி

குழந்தைகளே, மலையோரத்தில் ஒரு காடு. காட்டுத்தீயைக் கண்டு சொல்ல மனிதர்கள் அங்கே ஓர் இயந்திரத்தை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது பேசும், யோசிக்கும், கேட்டால் பதில் சொல்லும். போன கோடையில் தீ வருவதை முன்கூட்டியே சொல்லி எல்லாரையும் காப்பாற்றியதும் அதுதான்.

வாயாடி நரிக்கோ அது விளையாட்டுப் பொருள். குரங்குகளை ஏவிக் கல்லெறியச் சொல்லும். இயந்திரம் அடிக்காதீர்கள் என்று கெஞ்சினால் விழுந்து விழுந்து சிரிக்கும். நல்ல புத்தி பாருங்கள்!

கீரிக்கு மனம் பொறுக்கவில்லை. பயமே அறியாத கீரி நேரே காட்டுத் தலைவனான யானையிடம் முறையிட்டது. சபை கூடியது. இனியும் கல் விழுந்தால் இயந்திரம் பிழைக்காது என்று கீரி எடுத்துச் சொன்னது.

"அது வெறும் தகரம். கெஞ்சுவதெல்லாம் வெறும் சத்தம். உள்ளே ஒன்றும் கிடையாது" என்றது நரி.

பல மிருகங்கள் தலையாட்டின. ஆனாலும் கீரி விடவில்லை. சொன்னதையே சாட்சியாகச் சொல்லும்படி நரியைக் கேட்டுக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்பவர் கட்டெறும்புப் புற்றின் மேல் உட்கார வேண்டும். பேச்சு முடிந்து யானை போதும் என்னும்வரை எழுந்திருக்கக் கூடாது. நீட்டி முழக்குபவர்களை அடக்க வைத்த ஏற்பாடு அது. சுருக்கமாகப் பேசுகிறவர் கடிபடாமல் இறங்கிவிடுவார். நரிக்குச் சுருக்கம் ஏது? ஏறி உட்கார்ந்து பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. எறும்புகள் மொய்த்துவிட்டன.

"ஐயோ, கடிக்கிறதே! எழுந்திருக்கட்டுமா?" என்று அலறியது.

கீரி அசையவில்லை. "நரி என்றால் ஊளையிடத்தான் செய்யும். வெறும் சத்தம். உள்ளே ஒன்றும் கிடையாது."

"உண்மையாகவே வலிக்கிறது. என்னை நம்பக் கூடாதா?"

"உங்கள் உள்ளே புகுந்து பார்த்தவர் யார், நரியாரே? உங்கள் சொல்லை வைத்துத்தானே நம்ப வேண்டும்? இயந்திரத்தின் சொல்லை மட்டும் ஏன் தள்ளினீர்கள்?"

சபை கொல்லென்று சிரித்தது. யானை போதும் என்றதும் நரி ஆற்றை நோக்கி ஓட்டம் பிடித்தது. இனி இயந்திரத்தின் மேல் யாரும் கல்லெறியக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

பிறகு யானை இயந்திரத்திடம் போய், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"உச்சி வெயிலில் கொஞ்சம் நிழல்" என்றது இயந்திரம்.

கல்லெறிந்த குரங்குகளே தழை ஒடித்து வந்து பந்தல் போட்டன. கீரி அதன் உச்சியில் ஏறிக் குதியோ குதி என்று குதித்தது!

நீதி: ஒன்றுக்கு வலிக்குமா என்று தெரியாதபோது, வலிக்காது என்று சொல்லி அடிக்காதே. அதன் சொல்லைக் கேள்.