இலை ஓரத்தில் நாவற்பழம்

கோபமே வராத குரு என்று உலகம்மையை யாரும் சொன்னதில்லை. நன்றாகவே வரும். மலையடிவாரத்து மடத்தில் பாதிப் பேர் அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் ஒழுங்காக இருந்தார்கள். வயது நாற்பத்தொன்றுதான். சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

அப்படி மூத்தவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். சர்க்கரை நோயும் கூடவே வந்தது. ஆடி மாதம் ஒரு நாள், மதியப் பந்திக்குச் சற்று முன், அத்தனை பேர் பார்க்க அவர் குருவின் எதிரே போய் நின்றார். வலது காலில் கட்டு.

"உங்க பேச்சக் கேட்டதுக்கு எனக்கு நல்லா வேணும்மா."

"என்ன சொன்னேன்?"

"நாவப்பழம் சர்க்கரைக்கு நல்லதுன்னு சொன்னீங்க. தினமும் சாப்பாட்டோட தின்னேன். நாக்கு ஊதாவாப் போற அளவுக்குத் தின்னேன். நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. முந்நூத்தி இருபது! புண்ணு ஆறவே மாட்டேங்கு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பெருவிரல எடுத்திருவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு. குரு வாக்கு பொய்க்கலாமா?"

பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த மடத்தில் குருவைப் பார்த்து யாரும் இப்படிக் கத்தியதில்லை. ஆனால் ஆவுடையப்பனைக் குறை சொல்லவும் முடியாது. போகப் போவது அவருடைய விரல்.

"மாத்திரை?" என்றார் உலகம்மை.

"அதான் பழம் இருக்கேன்னு நிறுத்திட்டேன்."

"நிறுத்தச் சொன்னேனா?" குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது. "சாப்பிட்டதும் சர்க்கரை கிடுகிடுன்னு ஏறுதுல்லா, அத பழம் கொஞ்சம் மட்டுப்படுத்தும்னு சொன்னேன். மாத்திரை செய்யிற வேலைய பழம் செய்யும்னு எப்ப சொன்னேன் அண்ணாச்சி?"

"மாத்திரைய விட்டது என் புத்திகெட்டத்தனம். ஒத்துக்கிடுதேன். இன்னைக்கே போட்டுருதேன்." ஆவுடையப்பன் விடுவதாக இல்லை. "அந்தக் கொஞ்சமாவது மட்டுப்படணும்லா? இத்தன நாளு தின்ன பழம் என்ன செஞ்சுது? அதுக்குப் பதில் சொல்லுங்க."

உலகம்மை பந்தியைக் காட்டி, "உக்காருங்க" என்றார்.

அவரே இலை போட்டார். ஆவுடையப்பன் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும், இலையின் நடுவில் ஒரு கை நாவற்பழத்தை வைத்தார்.

"சாப்பிடுங்க. தினமும் எப்படிச் சாப்பிடுவீங்களோ, அப்படியே."

ஆடி முழுக்க அந்த மடத்தில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. பரிமாறுகிறவர் வாளியோடு வந்தார். நெய் மணம் தூக்கியது. ஆவுடையப்பனுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. கை மட்டும் அதன் பாட்டுக்குப் பழங்களை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் இடம் பண்ணியது. ஒரு கரண்டி விழுந்தது. கை மறிக்கவில்லை. இன்னொரு கரண்டி விழுந்தது.

"பழம் திங்கப் போறேன்லா, தாராளமா வையும்" என்றார், வழக்கம்போல.

மூன்றாவது கரண்டி இறங்குவதற்குள் உலகம்மை வாளியைப் பிடித்து நிறுத்தினார். ஆவுடையப்பன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம். வேறு யாராவது என்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"இப்ப கையால என்ன செஞ்சீங்க?"

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். "ஒதுக்குனேன்."

"எதை?"

"பழத்தை."

"எதுக்கு?"

"பொங்கலுக்கு இடம் வேணும்லா" என்று ஆரம்பித்தவரின் குரல், முடிக்கும்போது இறங்கிப் போயிருந்தது.

உலகம்மை வாளியை விடவில்லை.

"பழம் என்ன செஞ்சுதுன்னு என்கிட்ட சண்டைக்கு வாரீங்களே அண்ணாச்சி, அதுக்கு இடம் வேணும்னு ஒரு நாளாவது பொங்கலை ஒதுக்கியிருக்கீங்களா?"