பொற்கொடி டீச்சரின் குரல்

இதைக் கேட்பவர்கள் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். நவநீதன் தவறு செய்தான் என்பதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். எந்த நாளில் செய்தான் என்பதுதான் சிக்கல்.

நவநீதன் மென்பொருள் எழுதுபவன். பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை. மற்ற நேரத்தில் பார்வையற்றவர்களுக்காக ஒரு செயலியை எழுதிக்கொண்டிருந்தான். போன் திரையில் இருக்கும் தமிழை அது வாசித்துக் காட்டும். அதற்கு ஒரு மனிதக் குரல் தேவை. யாராவது ஒருவர் முப்பது மணி நேரம் பிசிறில்லாமல் வாசித்துக் கொடுத்தால், அந்தக் குரலிலேயே எந்த வாக்கியத்தையும் செயலி பேசிவிடும்.

எதிர்வீட்டில் குடியிருந்தவர் பொற்கொடி, பள்ளியில் தமிழாசிரியை. கேட்டதும் ஒத்துக்கொண்டார். மே மாத விடுமுறை முழுவதும், சத்தம் வரக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்து, வியர்க்க வியர்க்க வாசித்தார். பணம் வேண்டாம் என்றார். ஒன்று மட்டும் கேட்டார்.

"என் குரல் கண்ணு தெரியாத பிள்ளைங்க படிக்கிறதுக்கு மட்டும் போகட்டும் தம்பி. வேற எதுக்கும் வேணாம்."

"சரிக்கா" என்றான் நவநீதன்.

செயலியை வெளியிடும் நாள் வந்தது. இலவச மென்பொருளுக்கும் ஓர் உரிமம் உண்டு; யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று அதில் எழுத வேண்டும். 'படிப்பதற்கு மட்டும்' என்று எழுதினால், இலவசச் செயலிகளைத் திரட்டி மலிவு போன்களில் சேர்க்கும் குழுவினர் இதை எடுக்க மாட்டார்கள். நிபந்தனை உள்ள எதையும் அவர்கள் தொடுவதில்லை. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் அவனைத் தேடிப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். நவநீதன் அன்று சாப்பிடாமல் யோசித்தான். கடைசியில் 'எவரும் எதற்கும் பயன்படுத்தலாம்' என்று எழுதி வெளியிட்டான். டீச்சரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மறுநாள் அவரே ஒரு கிண்ணத்தில் கேசரியோடு கதவைத் தட்டினார்.

"வெளியிட்டுட்டியாமே. நான் சொன்ன மாதிரிதானே போட்டிருக்க?"

அதுவரை அந்தக் குரலைத் தங்கள் போனில் இறக்கிக்கொண்டவர்கள் பதினொரு பேர். எல்லாரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். ஆளுக்கொரு போன் பேசினால் நீக்கிவிடுவார்கள்.

"ஆமாக்கா" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

நான்கு ஆண்டுகளில் அந்தக் குரல் ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போயிற்று. பாடப்புத்தகம், பேருந்து நேரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அது வாசித்தது. மாடிப்படியில் பொற்கொடி எதிரே வந்தால் நவநீதன் எதையோ தேடுபவன்போல் பையைத் துழாவிக்கொண்டு கடந்துவிடுவான்.

ஐந்தாம் ஆண்டில், கால்வாய்க் கரைக் குடிசைகளை அகற்றும் வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் ஒருவர், அங்கிருந்தவர்களுக்கெல்லாம் தானியங்கி அழைப்பு விடுத்தார். 'மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யவும். தவறினால் உங்கள் பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' பேசியது பொற்கொடியின் குரல். அந்தக் கரைப் பிள்ளைகள் பலர் அவர் வகுப்பில் படித்தவர்கள். பள்ளி வாசலில் ஒரு தாய் அவரை நிறுத்தி, "எங்களை வெளிய போகச் சொல்ல நீங்கதானா கெடச்சீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

அன்று மாலை அவர் வந்து கேட்டபோது நவநீதன் நடந்ததையெல்லாம் சொன்னான். பொற்கொடி திட்டவில்லை.

"எடுத்துடு" என்றார்.

"நான் எடுத்தாலும் அந்த ஆள்கிட்ட இருக்கிறது போகாதுக்கா. எழுதிக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. புதுசா கேக்கிற பிள்ளைங்களுக்குத்தான் கெடைக்காது."

"அதெல்லாம் எனக்குத் தெரியல. இனிமே யாருக்கும் கொடுக்காத."

அவன் உடனே நீக்கினான். அவன் கேட்டுக்கொண்டதால் செயலி திரட்டும் குழுவினரும் நீக்கினார்கள். ஒப்பந்ததாரர் மட்டும் உரிமத்தைக் காட்டி மறுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பிலோமினா என்ற பெண் முகவரி விசாரித்துக்கொண்டு வந்தாள். பார்வையற்றவள், அரசுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. பழைய போன் தண்ணீரில் விழுந்துவிட, புதிய போனில் அந்தக் குரல் கிடைக்கவில்லை. நவநீதன் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, "யாரும்மா வேணும்?" என்றது ஒரு குரல்.

பிலோமினா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீங்களா? நாலு வருஷமா நீங்கதான் எனக்குப் பாடம் வாசிக்கிறீங்க" என்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் பொற்கொடி.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு அரசியலமைப்பும் வரலாறும் வாசித்தார். நவநீதன் வீட்டுக்குள் அது தெளிவாகக் கேட்டது. பத்தாம் நாள் அவன் போய் வாசலில் நின்றான்.

"மறுபடியும் போட்டுடட்டுமாக்கா? இவங்களை மாதிரி எத்தனையோ பேர் எழுதியிருக்காங்க."

பொற்கொடி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "முன்னாடி என்னைக் கேட்டா செஞ்ச? இப்ப மட்டும் எதுக்கு என் தலைல வைக்கிற?"

நவநீதன் திரும்பி வந்துவிட்டான்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். வாக்குக் கொடுத்ததற்கு மாறாக உரிமம் எழுதிய நாள், பொற்கொடி கேட்டபோது 'ஆமாக்கா' என்ற நாள், குரலை நீக்கிப் புதிதாகக் கேட்டவர்களின் படிப்பை நிறுத்திய நாள். இந்த மூன்றில் நவநீதன் செய்த பெருந்தவறு எந்த நாளுடையது?

என் விடை இரண்டாம் நாள். உரிமம் எழுதியபோது அவன் மனதில் பிள்ளைகள் இருந்தார்கள். நீக்கியபோது பொற்கொடி இருந்தார். 'ஆமாக்கா' என்றபோது அவன் தன்னைத் தவிர யாரையும் நினைக்கவில்லை. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருக்கலாம், சரி போகட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். முடிவு அவருடையதாக இருந்திருக்கும். இதை நவநீதனிடம் சொன்னபோது அவன் ஏற்கவில்லை. "நாலு வருஷம் அவங்க எதிர்வீட்டுலதான் இருந்தாங்க. தினமும் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாளைக் காட்டி என்னைத் தப்பிக்க விடாதீங்க" என்றான்.