ஏகாம்பரத்தின் மூச்சு

முன்பு ஒரு நாட்டை மருதவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் கட்டளை முதலில் பிறக்கும். யோசனை பிறகுதான் வரும்.

ஒருநாள் சபையில் அரண்மனை அதிகாரி தாண்டவராயர் எழுந்தார்.

"மகாராஜா, நம் நாதசுர வித்துவான் ஏகாம்பரம் நேற்றுக் குயவர் தெருக் கல்யாணத்தில் வாசித்திருக்கிறான். அரண்மனைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளிவேலை செய்யலாமா? அவனை இங்கே சேர்த்துவிட்டவர் விகடகவி அளகேசர்தான்!"

அளகேசரை அரசனுக்குப் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

"இங்கே வாசிப்பை முடித்துவிட்டுத்தான் போனேன், பிரபு. ஒரு வாழைத்தார் கொடுத்தார்கள்" என்றான் ஏகாம்பரம்.

அரசன் சீறினான். "இனி அரண்மனைக்கு வெளியே நீ மூச்சு விடக் கூடாது! விட்டால் உன் தலை போகும். அளகேசரே, இதற்கு நீர் பொறுப்பு. தவறினால் உம் தலையும் போகும்."

"உத்தரவு, மகாராஜா" என்றார் அளகேசர்.

சபை கலைந்தது. வீட்டுக்குக் கிளம்பிய ஏகாம்பரத்தை அரண்மனை வாசலில் அளகேசர் மறித்தார்.

"எங்கே போகிறாய்? மூச்சை அடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடக்க முடியுமா?"

"அது எப்படிங்க முடியும்?"

"அப்படியானால் உள்ளேயே இரு. உன் குடும்பத்துக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன்."

அரண்மனை மதிலுக்குள் குடியிருந்த அதிகாரி தாண்டவராயர் ஒருவர்தான். ஏழு அறை வீடு. ஏகாம்பரம், அவன் மனைவி பொன்னாச்சி, மாமியார், நான்கு பிள்ளைகள், இரண்டு ஆடுகள் எல்லாம் அங்கே போய் இறங்கின. தாண்டவராயர் கதவை மறித்தார். "ராஜ கட்டளைக்கு மறுப்பா?" என்று அளகேசர் கேட்டதும் விலகி வழிவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் கண் சிவந்து சபைக்கு ஓடிவந்தார். "மகாராஜா, இவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள்! ஆடு என் அங்கவஸ்திரத்தைத் தின்றுவிட்டது!"

பின்னாலேயே பொன்னாச்சி வந்தாள். "பாய் கேட்டா இல்லேன்னாரு, மகராசா. பூட்டாத அறை ஒண்ணத் தொறந்தா மயில் முத்திரை போட்ட பட்டு மெத்தையா அடுக்கி வச்சிருக்காரு! புள்ளைங்க அதுல படுத்துச்சுங்க. அதுக்குத்தான் இவ்வளவு கோவம்."

அரசன் நிமிர்ந்தான். "மயில் முத்திரையா? எலி கடித்துப் போனதென்று போன மாதம் தாண்டவராயர் கணக்கிலிருந்து கழித்த என் மெத்தைகளா?"

வீரர்கள் போய்ப் பார்த்தார்கள். மெத்தைகள் இருந்தன. அரண்மனை வெள்ளி விளக்குகளும் இருந்தன. கொல்லையில் அரண்மனைத் தோட்டக்காரர்கள் இருவர் தாண்டவராயரின் கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாண்டவராயர் அன்றே பதவி இழந்தார்.

"ஏகாம்பரம், இங்கே வேலை முடிந்ததும் சொல்லிவிட்டு எங்கு வேண்டுமானாலும் போய் வாசி" என்ற அரசன், விகடகவியிடம் திரும்பினான். "நாதசுரத்தில் ஊதும் மூச்சைத்தானே நான் சொன்னேன், அளகேசரே?"

"தலை போகிற காரியம், மகாராஜா. எந்த மூச்சு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை."

அரசனுக்குச் சிரிப்பு முட்டியது. "அந்த அதிகாரி பதவியை நீரே எடுத்துக்கொள்ளும். வீடும் உமக்குத்தான்."

"வேண்டாம், மகாராஜா. ஏகாம்பரத்தின் மாமியார் இன்னும் மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுப்ப என்னால் ஆகாது."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்குமுன்பே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அளகேசருக்குப் போட்டான்.