ஆணி கேட்காத முக்காலி

மதுரைக்கு வெளியே, ரிங் ரோட்டை ஒட்டி, வீட்டு அலங்காரச் சாமான்களுக்கென்றே பெரிய கடை ஒன்று இருந்தது. சோப்பு டப்பா வாங்க உள்ளே போனவர்கள் வண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். விலை அவ்வளவு சல்லிசு. கடையும் அவ்வளவு பெரிசு. பூச்சாடிகளுக்கு நடுவே புருஷனைத் தொலைத்துவிட்டு மைக்கில் கூப்பிடச் சொன்ன பெண்களும் உண்டு.

அந்தக் கடையின் சுவர் அலங்காரப் பகுதியில் ஒரு மர முக்காலி வேலை பார்த்தது. விற்பனைக்கு வந்ததுதான். வந்த வாரமே, ஏணி அகப்படாத ஒரு பணியாள் இதை இழுத்துவந்து ஏறி நின்று கடிகாரம் மாட்டினார். மாட்டியவர் போய்விட்டார். முக்காலியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் படம் மாட்ட ஏறினார்கள், பல்பு மாற்ற ஏறினார்கள், ஒட்டடை அடிக்கவும் ஏறினார்கள். செருப்புக் கால் பட்டுப் பட்டு மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டும் உரிந்து போயிற்று.

மேலே மாட்டப்பட்டவர்களுக்கோ தலை கால் புரியவில்லை.

"ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. எனக்கு உச்சி, உனக்குத் தரை" என்றது சுவர்க் கடிகாரம். அதற்கு இன்னும் பேட்டரி போடவில்லை. நேரம் காட்டத் தெரியாவிட்டாலும் நியாயம் பேசத் தெரிந்திருந்தது.

"எங்களை மாட்டிய வீட்டில் செல்வம் கொட்டும்" என்றன ஏழு குதிரைகள், ஒரே படத்துக்குள் மூச்சிரைத்தபடி. "உன்னை வாங்கினால் என்ன கொட்டும்?"

"ஏறி நின்றால் விழாமல் இருப்பார்கள்" என்றது முக்காலி. "நான் இதுவரை ஆடியதும் இல்லை, சாய்ந்ததும் இல்லை."

வட்டக் கண்ணாடி அதை மேலும் கீழும் பார்த்தது. "பொய் சொல்ல எனக்கு வராது. உன் முகம் முழுக்கச் செருப்புத் தடம்."

முக்காலிக்குச் சுருக்கென்றது. அன்று காலையில் மேற்பார்வையாளர் மெர்லின் சொல்லிவிட்டுப் போனது அதன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. விலைச்சீட்டு இல்லாத சாமானையெல்லாம் சாயங்காலம் குடோனுக்குத் தள்ளிவிட வேண்டுமாம். குடோனுக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அங்கிருந்து காயலான் கடை லாரிதான். யாருடைய வீட்டையும் பார்க்காமலே விறகாகிவிடுவோமோ என்று அதற்குப் பயமாக இருந்தது. ஒரு வீடு வேண்டும். அதன் ஆசை அவ்வளவுதான்.

மதியம் தாண்டி ஒரு தம்பதி அந்தப் பக்கம் வந்தார்கள். கணவன் பெயர் கதிரேசன். மனைவி அங்கயற்கண்ணி, அவன் கண்ணி என்று கூப்பிட்டான். அவள் முகத்தில் கடை பார்க்கும் குஷி இல்லை. எதையோ தேடி அலுத்த முகம்.

சுவர் முழுக்கப் பரபரத்தது. கண்ணாடி பளபளத்தது. குதிரைகள் பிடரியைச் சிலுப்பின.

கண்ணி கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆணி அடிக்கணுமே."

கண்ணாடியைப் பார்த்தாள். "இதுக்கும் ஆணி."

குதிரைகளைப் பார்த்துக் கதிரேசன் ஆசைப்பட்டான். "இது வீட்டுக்கு நல்லதும்பாங்க."

"நம்ம வீடா இருந்தா நல்லதுதாங்க. வாடகை வீட்டுல குதிரை எங்க நிக்கும்? சாவி குடுக்கும்போதே வீட்டுக்காரம்மா என்ன சொன்னாக? பால் காய்ச்சுங்க, கோலம் போடுங்க, சுவத்துல மட்டும் ஒரு ஆணி இறங்கக் கூடாதுன்னாக."

மேலே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்தது முதல் அவர்களுக்கு முதுகில் ஒரு கொக்கி உண்டு. அதை மாட்ட ஆணி கிடைக்காத வீடும் உலகத்தில் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"அப்ப அந்த ஒட்டுற கொக்கியே இன்னொண்ணு வாங்குவோம்" என்றான் கதிரேசன்.

"அதை நம்பித்தான அப்பா கீழ விழுந்தாரு?"

கண்ணி அவள் அப்பாவுக்கு ஒரே மகள். அவர் இறந்ததும் பெரிதாக ஒரு படம் போட்டு, கண்ணாடி பதித்துக் கொண்டுவந்திருந்தாள். வீடு மாறி மாறிப் போனார்களே தவிர, எந்த வீட்டிலும் ஆணிக்கு அனுமதி இல்லை. ஒட்டுக் கொக்கியில் மாட்டிய படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போட்டு, வேட்டியில் சுற்றி, பீரோ மேல் படுக்க வைத்திருந்தாள். வீட்டில் இருந்த பழைய ஸ்டூலில் வைத்துப் பார்த்தாள். தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் அதன் நாலு காலும் டகடகவென்று ஆடின.

"எங்கப்பா டவுன் பஸ் ஓட்டுனவரு. பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல" என்றாள் கண்ணி. "இப்ப எந்நேரமும் படுத்தே கிடக்காரு. நாளைக்கு அவரு திதி. படுத்துக் கிடக்கிறவருக்கு எப்படிங்க மாலை போடுவேன்?"

சொல்லிக்கொண்டே கால் ஓய்ந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலி மூன்று காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டது. அவள் அழுகையை அடக்கியபோது உடம்பு குலுங்கியது. முக்காலி குலுங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணி கீழே குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு தரைக்கல் பெயர்ந்து மேலெழும்பி இருந்தது. முக்காலியின் ஒரு கால் அந்தக் கல்மேல், மற்ற இரண்டும் பள்ளத்தில். அவள் எழுந்து, அதை இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஆடவே மாட்டேங்குது."

"மூணு காலுல்ல? எந்தத் தரையிலயும் உக்காந்துரும்."

"இதுல வச்சு, சுவத்துல சாச்சு நிறுத்துனா அப்பா நிப்பாரு" என்றாள் கண்ணி. குரலே மாறிவிட்டது.

முக்காலிக்கு மரமெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து மெர்லின் வந்து சேர்ந்தாள்.

"அம்மா, அது விக்கிறதுக்கு இல்ல. நாங்க ஏறி நிக்கிறதுக்கு வச்சிருந்தது. சாயங்காலம் குடோனுக்குப் போயிரும்."

"காசு குடுக்கிறோம்மா" என்றான் கதிரேசன்.

"சீட்டு இல்லாம பில் போட முடியாது சார். நம்பர் அடிச்சாத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும். இதே மாதிரி வேற ஸ்டாக்கும் இல்ல."

கண்ணி முக்காலியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கதிரேசன் மெல்ல அவள் தோளைத் தொட்டான். "வா கண்ணி. வேற கடை பாப்போம்."

கை விலகியது. இருவரும் திரும்பி நடந்தார்கள்.

"சொன்னேனே, தரை தரைதான்" என்றது கடிகாரம்.

முக்காலிக்கு ஒரு விஷயம் தெரியும். செய்த பட்டறையில் அதன் அடிவயிற்றில், விலைச்சீட்டில் இருந்த அதே நம்பரைச் சுட்டு அனுப்பியிருந்தார்கள். மேலே மிதித்தவர்களில் ஒருவரும் கீழே குனிந்து பார்த்ததில்லை. அதைக் காட்ட வேண்டுமென்றால் விழ வேண்டும். சாய்ந்ததே இல்லை என்று மார்தட்டிக்கொண்ட முக்காலி, இத்தனை பேர் பார்க்க, கால் மூன்றும் மேலே தூக்கிக் கவிழ்ந்து கிடக்க வேண்டும்.

மானம் பெரிதா, வீடு பெரிதா என்று அது யோசித்தது. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பெயர்ந்த கல்லிலிருந்து ஒற்றைக் காலை நழுவவிட்டது.

தடாலென்று சத்தம். கடைப்பகுதியே திரும்பிப் பார்த்தது. குதிரைகள் கனைத்துச் சிரித்தன. "ஆடாத முக்காலி மல்லாந்த அழகைப் பாருங்கள்."

கண்ணி ஓடி வந்தாள். நிமிர்த்தக் குனிந்தவள் அப்படியே நின்றாள். "ஏம்மா, இங்க ஏதோ நம்பர் போட்டிருக்கே?"

மெர்லின் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த பில் கருவியில் அந்த எண்ணை அடித்தாள். ஒரு தரம் கீச்சென்றது. அவள் முகத்தில் அசடு வழிந்தது.

"வந்துருச்சும்மா. இத்தனை நாளா இது மேல ஏறி நின்னிருக்கேன், அடியில பாக்கணும்னு தோணல."

"இப்பப் பாத்தீங்கள்ல, அது போதும்" என்றாள் கண்ணி. முந்தானையை எடுத்துச் செருப்புத் தடங்களை அங்கேயே துடைத்தாள்.

முக்காலி தள்ளுவண்டியில் ஏறி, சுவர் அலங்காரப் பகுதியை நெடுகக் கடந்து போனது. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடி மட்டும் வாய் திறந்தது. "பொய் சொல்ல எனக்கு வராது. நன்றாக இருக்கிறாய்."

மறுநாள் காலை கண்ணி மஞ்சள் தண்ணீர் தெளித்து முக்காலியைக் கழுவினாள். மேலே ஒரு பட்டுத் துண்டு விரித்தாள். வேட்டியை அவிழ்த்து, அப்பாவைத் தூக்கி நிறுத்தி, மல்லிகை மாலை போட்டாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

"அப்பா எந்திரிச்சுட்டாரு" என்றாள். கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தது.

பூஜை மணியோசை கேட்டு வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வாசலிலேயே அவள் கண் சுவருக்குப் போனது.

"என்ன கண்ணி, ஆணி அடிச்சுட்டியா?"

"வந்து பாருங்கக்கா."

வீட்டுக்காரம்மா உள்ளே வந்து படத்தின் பின்னால் கையை விட்டுத் தடவினாள். வழவழவென்று சுவர்தான் இருந்தது. ஓட்டை இல்லை, கீறல் இல்லை. திட்டுவதற்கென்று கொண்டுவந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்புறம் நெற்றிப் பொட்டும் காக்கிச் சட்டையுமாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை ஏறிட்டுப் பார்த்தாள். மெதுவாக வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இரு கையையும் குவித்தாள்.

கும்பிடு தனக்கில்லை என்று முக்காலிக்குத் தெரியும். "அவருக்குத்தான் கும்பிடு" என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது. "ஆனால் அவர் நிற்பது என் மேல்."